மேட்ச் குண்டா, வேட்டைக் குண்டா? முதல் மிளாவைத் தேடிப் போகும் முன்

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கீழக்கரைக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். ராத்தா (அக்கா) மகன் வந்து கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு தோட்டாப் பெட்டி.

“மாமா, இதுல மேட்ச்னு போட்டிருக்கு, ஹாலோ பாயின்ட்னும் போட்டிருக்கு. விலையும் கூட. அப்ப இதுதானே நல்லது?”

அவன் அடுத்த மாதம் ஆஸ்திரேலியா போகிறான், விக்டோரியா மாநிலத்துக் கிப்ஸ்லாந்து பக்கம், இறைச்சித் தொழிற்சாலை வேலைக்கு. நானும் அங்கேதான் ஒன்பது வருடம் இருந்தேன். முன்னால் போன நம் பையன்கள் இரண்டு பேர் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறார்கள், இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்தும் இதே கேள்வியை இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டதால், எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் நம் ஊர் விஷயம். இங்கே இதில் எதையும் செய்ய முடியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான், மிளா, முயல், கொக்கு எதையும் விளையாட்டுக்குச் சுடுவது குற்றம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள், கடலுக்குள் போனால் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. கருவேலங்காட்டுக்குள் உண்டிவில்லோடு திரிந்தாலே விசாரணை வரும். ஆகவே இது முழுக்க அந்த நாட்டுக் கதை.

அங்கே நிலைமை தலைகீழ். மான் அவர்கள் மண்ணில் பிறந்த விலங்கு இல்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. நம் மிளாவை 1860களில் விக்டோரியாவில் விட்டார்கள், இன்று மலைக்காடு முழுக்க அதுதான். நம் புள்ளிமானை 1886இல் குயின்ஸ்லாந்தில் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோனார்கள், இப்போது அந்தப் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரருக்கு அது தொல்லை. திருப்புல்லாணிக் கோயில் சுவரில் செதுக்கிப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு விலங்கை அங்கே ஒருவர் “பீடை” என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் படி: எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பேச்சில் எல்லாமே தோட்டாதான். கடையில் அப்படிக் கேட்டால் குழப்பம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. குழாயை விட்டுப் பறந்து போவது அந்தக் குண்டு மட்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் குண்டைப் பற்றித்தான்.

குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக் கிரெய்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பவுன் கணக்குத் தெரியும் இல்லையா, எட்டுக் கிராம் ஒரு பவுன், அது சுமார் 123 கிரெய்ன். ஆக 150 கிரெய்ன் குண்டு என்றால் ஒன்றேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு, 180 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறிய சாமான்தான் இருநூறு கிலோ விலங்கைக் கீழே சாய்க்க வேண்டும்.

மருமகனுக்குப் புரிய வைக்க நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டு ஒன்றைப் படகுக்காரரிடம் வாங்கினேன். கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு, அப்பளம் மாதிரி நசுங்கிவிட்டது. அடுத்து ஒரு தடித்த செம்புக் கம்பித் துண்டு, அதே தட்டு. லேசாகத் தட்டையானது, அவ்வளவுதான். குண்டு செய்பவருடைய வித்தை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை. அந்த உறை எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, நுனியில் திறப்பா மூடலா என்பதை வைத்துத்தான் குண்டு உடம்புக்குள் போய் மலருமா, நேரே ஓடிவிடுமா, நொறுங்குமா என்பது முடிவாகிறது. (ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நம் ஆட்கள் அதைப் பல்லால் கடித்து நெருக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

இரண்டாவது படி: மேட்ச் குண்டு எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேட்ச் குண்டு போட்டிக்காரருக்காகச் செய்தது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான், குறி அட்டையில் ஒரே இடத்தில் பத்துக் குண்டு. அட்டையைத் தாண்டிய பிறகு அது என்ன ஆனால் என்ன? அதனால் அந்தக் குண்டில் எல்லாக் கவனமும் பறப்பதன் மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே எடை, ஒரே உறைத் தடிப்பு, படகின் பின்பக்கம் போலச் சரிந்த அடி, ஊசியாக நீண்ட மூக்கு. நம் கடற்கரையில் கச்சானும் சோழகமும் அடிக்கும்போது தூண்டில் கயிறு எப்படி ஒதுங்கும் என்று தெரியும்தானே, அதே மாதிரி காற்று குண்டையும் ஒதுக்கும். மேட்ச் குண்டு குறைவாக ஒதுங்கும். இதெல்லாம் உண்மையான நன்மைகள், மறுக்கவில்லை.

இப்போது அந்த ஹாலோ பாயின்ட் விஷயம். புதிதாக வருபவர் பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன். நுனியில் ஓட்டை இருந்தால் குண்டு பட்டதும் விரியும் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். மேட்ச் குண்டின் ஓட்டை அதற்காக வைத்தது இல்லை. அடியிலிருந்து மேல்நோக்கி உறையை இழுத்து, திறந்த வாய்வழியே ஈயத்தை வைத்து, பிறகு வாயைக் குவித்து மூடுகிறார்கள். அடி முழுசாக மூடி ஒழுங்காக இருந்தால்தான் குண்டு ஆடாமல் பறக்கும், அதனால் இப்படிச் செய்கிறார்கள். குவித்த இடத்தில் மிஞ்சும் குண்டூசித் துளைதான் நீங்கள் பார்க்கும் ஹாலோ பாயின்ட். சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டிய பிறகும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியுமே, அதே கதை. சியர்ரா நிறுவனத்தின் மேட்ச்கிங் குண்டு உலகம் முழுக்கப் போட்டிகளில் பெயர் வாங்கியது. அதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை என்று செய்கிற நிறுவனமே சொல்கிறது.

என் கதைக்கு வருகிறேன். முதல் வருடம், .308 ரைபிள் (அந்த எண் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்). கடையில் வேட்டைத் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. கல்லாவில் இருந்தவர் “இது ஹாலோ பாயின்ட், தாராளமாக விரியும்” என்று 168 கிரெய்ன் மேட்ச் பெட்டியைத் தள்ளிவிட்டார், நானும் வாங்கிக்கொண்டேன். சுமார் 110 மீட்டரில் ஒரு பெண் மிளா, பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், சரியான இடம். சுட்டேன். அது ஒரு துள்ளுத் துள்ளி, பெரணிப் புதருக்குள் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடிவிட்டது. நின்ற இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, முடிகூட உதிரவில்லை. தவறிவிட்டது என்றே நினைத்தேன். இருட்டும்வரை தேடினேன். மறுநாள் காலை பக்கத்துப் பண்ணைக்காரர் நாயோடு வந்தார், பள்ளத்தில் இருநூறு மீட்டர் தள்ளிக் கிடந்தது. உள்ளே போன துளையும் பென்சில் அளவு, வெளியே வந்த துளையும் பென்சில் அளவு. நுரையீரலில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. அது எத்தனை நேரம் மூச்சுத் திணறிக் கிடந்ததோ, இறைச்சியும் ஊதிப்போய் வீண். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தப் பண்ணைக்காரரும் நானும் மண்மேட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து மிச்சத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தோம். ஒன்று எல்லாக் கேனையும் துளைத்து மண்ணுக்குள் போனது. அதே பெட்டியிலிருந்து அடுத்தது இரண்டாவது கேனுக்குள்ளேயே தூள் தூளாகக் கிடந்தது. இதுதான் மேட்ச் குண்டின் உண்மையான சிக்கல். சில சமயம் நேரே போகும், சில சமயம் உள்ளே புரளும், சில சமயம் நொறுங்கும். எது நடக்கும் என்று அதைச் செய்தவரே உறுதி தரமாட்டார். “நான் மேட்ச் குண்டால் இருபது மான் அடித்தேன், எல்லாம் அங்கேயே விழுந்தது” என்பவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை. மெல்லிய உறை போட்ட சில நீண்டதூரக் குண்டுகள் விலா எலும்புக்கு நடுவே போனால் உள்ளே வெடித்து நன்றாகவே கொல்லும். அதே குண்டு தோள் எலும்பில் பட்டால்? புதியவர் அந்தச் சூதாட்டத்துக்குப் போகவேண்டாம்.

முழு உறைக் குண்டு என்று இன்னொன்று மலிவாகக் கிடைக்கும், ராணுவக் குண்டின் அச்சு. நுனி முழுக்க மூடியிருக்கும், விரியவே விரியாது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதில் நம் நாடும் இருக்கிறது. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் என்ற இடத்தில் ஆங்கிலேயர் ஆயுதச்சாலை ஒன்று இருந்தது. 1890களில் அங்கேதான் நுனி திறந்த, பட்டதும் விரியும் குண்டைப் படைக்காகச் செய்தார்கள். அது மனித உடம்பில் செய்த கோரத்தைப் பார்த்து, 1899 ஹேக் மாநாட்டில் போரில் விரியும் குண்டு கூடாது என்று அறிவித்தார்கள். அதனால் சிப்பாய் விரியாத குண்டு வைத்திருக்கிறார். வேட்டையில் கதை அப்படியே திரும்பும், விலங்கு சீக்கிரம் சாகவேண்டும் என்பதால் விரியும் குண்டுதான் வேண்டும், பல நாடுகளில் மானுக்கு முழு உறைக் குண்டு சட்டப்படியே கூடாது. பழகுவதற்கு மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது படி: வேட்டைக் குண்டில் எது

வேட்டைக் குண்டின் வேலை தோலில் பட்ட பிறகுதான் ஆரம்பம். விரிய வேண்டும், விரிந்தும் சிதறாமல் இதயம், நுரையீரல் வரை போய்ச்சேர வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. அதிகம் விரிந்தால் ஆழம் குறையும், விரியாவிட்டால் என் மிளாவின் கதை. இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வகைகள்.

பழையது சாஃப்ட் பாயின்ட். நுனியில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டனின் கோர்லாக்ட் 1939 முதல் விற்கிறது, ஹார்னடியின் இன்டர்லாக்கும் இந்தச் சாதிதான். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், பட்டதும் காளான் மாதிரி ஒன்றரை, இரண்டு மடங்கு விரியும். போகும் வழியில் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட உதிர்ந்துவிடும். நடுத்தர மானுக்கு, இருநூறு மீட்டருக்குள், இதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி.

நுனியில் சிவப்பு, பச்சை பிளாஸ்டிக் கூம்பு வைத்தவை பறப்பதற்கும் நன்று, பட்டதும் அந்தக் கூம்பு உள்ளே நெருக்கிக் குண்டைத் திறக்கும். ஆனால் எச்சரிக்கை, கூம்பு இருப்பதெல்லாம் மானுக்கு இல்லை. நரி, முயலுக்கென்று மெல்லிய உறையில் வரும் குண்டிலும் அதே கூம்பு இருக்கும், மானின் தோளில் பட்டால் மேலேயே வெடித்துப் பெரிய புண்ணாக்கி நின்றுவிடும். மேட்ச் குண்டிலும் இப்போது கூம்பு வருகிறது. ஹார்னடியில் ஈஎல்டி மேட்ச், ஈஎல்டி எக்ஸ் என்று இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் சிவப்புக் கூம்பு. எக்ஸ் வேட்டைக்கு, மேட்ச் அட்டைக்கு. கண்ணாடி போடாமல் கடைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது பாண்டட், அதாவது ஈயத்தையும் உறையையும் பற்றவைத்தது. விரியும், ஆனால் பிரியாது. எலும்பில் பட்டாலும் எண்பது, தொண்ணூறு சதவீத எடையோடு உள்ளே போகும். இந்த வரிசைக்கெல்லாம் முன்னோடி நாஸ்லர் பார்ட்டிஷன். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டார், குண்டுகள் மேல்தோளிலேயே உடைந்து உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, நடுவில் செம்புத் தடுப்பு வைத்து முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் போகவும் ஒரு குண்டு செய்தார். 1948 முதல் விற்பனைக்கு வந்து இன்றும் ஓடுகிறது. மிளா ஆணுக்கு, அந்தத் தடித்த தோலுக்கும் கனத்த எலும்புக்கும், நான் பாண்டட் அல்லது பார்ட்டிஷன்தான் சொல்வேன்.

கடைசியாக முழுச் செம்பு. ஈயமே கிடையாது. 1980களின் கடைசியில் பார்ன்ஸ் நிறுவனம் பெயர் வாங்கிக்கொடுத்த வகை. விரிந்த குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் நான்கு இதழ் மடிந்த பூவரசம் பூ மாதிரி இருக்கும், எடை கிட்டத்தட்ட அப்படியே. ஆழம் போவதில் இதை மிஞ்ச ஆளில்லை. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், பழைய ரைபிள் குழாயின் உள்ளே குண்டைச் சுழற்றும் மெதுவான முறுக்குப் பள்ளம் அதைச் சரியாகச் சுழற்றாமல் போகலாம். பத்து இருபது கிரெய்ன் குறைத்து வாங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, விரிவதற்கு வேகம் கேட்கும்.

நான்காவது படி: விலங்கு, தூரம், வேகம்

முரல் மீனுக்குப் போடும் தூண்டில் முள்ளைப் பெரிய சீலாவுக்குப் போட்டால் என்ன ஆகும், நிமிர்ந்து போகும். சீலா முள்ளை முரல் வாயில் வைக்கவே முடியாது. இதுவும் அதே கணக்கு. விக்டோரியாவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: மிளா, சிவப்பு மானுக்குக் குறைந்தது .270 காலிபர், குண்டு 130 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. ஃபேலோ மான், புள்ளிமான், பாடா மானுக்கு (அங்கே ஹாக் டியர் என்பார்கள்) .243, 80 கிரெய்ன். இது கீழ் எல்லை. மிளாவுக்கு .308இல் 165 அல்லது 180 கிரெய்ன் எடுத்தால் நிம்மதி.

வேகத்தை யாரும் புதியவருக்குச் சொல்லித்தருவதில்லை. ஒவ்வொரு வேட்டைக் குண்டுக்கும் இவ்வளவு வேகத்துக்குக் கீழே விரியாது என்று ஓர் அளவு உண்டு. பொதுவாக வினாடிக்கு 1,800 அடி, சுமார் 550 மீட்டர். முழுச் செம்பு என்றால் 2,000 அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண 150 கிரெய்ன் .308 குழாயை விட்டுக் கிளம்பும்போது 2,820 அடி வேகம், 200 கெஜத்தில் 2,260, 300 கெஜத்தில் 2,000 பக்கம் வந்துவிடும். அதாவது முன்னூறுக்கு அப்பால் செம்புக் குண்டும் மேட்ச் குண்டு மாதிரி ஊசியாகப் போக ஆரம்பிக்கும். காரணம் தெரியாதவர்கள் நிறுவனத்தைத் திட்டுவார்கள். கிப்ஸ்லாந்துக் காட்டுக்குள் நூறு மீட்டருக்கு மேல் பார்வையே கிடைக்காது என்பதால் நமக்கு இது பெரிய தலைவலி இல்லை. கிட்டத்தில் எதிர்ச்சிக்கல், வேகம் அதிகம், மெல்லிய குண்டு உடைந்துபோகும். காட்டுக்குள் திடமான குண்டு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

“ஆனா மாமா, மேட்ச் குண்டு இன்னும் துல்லியமா அடிக்குமே” என்றான் மருமகன். அடிக்கும். நூறு மீட்டரில் மேட்ச் குண்டு இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடிக்கிறது, வேட்டைக் குண்டு நான்கு சென்டிமீட்டர் என்று வையுங்கள். மிளாவின் இதயம் நுரையீரல் பகுதி ஒரு சோற்றுத் தட்டு அளவு, ஃபேலோவுக்குப் பனம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மேட்டில் ஏறி மூச்சு வாங்கி, நெஞ்சு படபடக்க, மரத்தில் சாய்ந்து சுடும்போது உங்கள் கை ஆடுவது பத்து சென்டிமீட்டர் இருக்கும். அந்த இரண்டு சென்டிமீட்டர் யாருக்கு வேண்டும்?

ஐந்தாவது படி: வாங்கி, உங்கள் ரைபிளில் சுட்டுப் பாருங்கள்

பெட்டியில் மானின் படம் இருந்தால் போதும் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். மோசமான ஆலோசனை இல்லை, ஆனாலும் எழுத்தைப் படியுங்கள். மேட்ச், டார்கெட், எஃப்எம்ஜே (முழு உறைக் குண்டு), வார்மின்ட் (நரி, முயலுக்கானது) என்று இருந்தால் கீழே வையுங்கள்.

இரண்டு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ரைபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு உண்டு, ஒன்றுக்குப் பிடித்தது அடுத்ததற்குப் பிடிக்காது. மூன்று மூன்றாக, குழாயை ஆறவிட்டு, நூறு மீட்டரில் சுட்டு எது நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொண்டு அதிலேயே ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்யுங்கள். மலிவுக் குண்டில் ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டு, வேட்டைக்கு நல்ல குண்டு போட்டுக்கொண்டு போவது பரவலான முட்டாள்தனம். எடையும் வடிவமும் மாறினால் விழும் இடமும் மாறும், ஒரு சாண் தள்ளிக்கூட விழலாம். பழக்கம் மலிவில் நடக்கட்டும், கிளம்புவதற்கு முந்தின நாள் வேட்டைக் குண்டில் ஆறிய குழாயிலிருந்து முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டில் கிடைப்பது அந்த ஒரு குண்டுதான்.

உரிமம் இரண்டு. துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம், மானுக்கு வேட்டை உரிமம். உங்கள் விசாவுக்கு எது பொருந்தும் என்று அங்குள்ள உரிமப் பிரிவில் நேரில் கேளுங்கள், நண்பன் சொன்னான் என்று இறங்காதீர்கள். அரசுக் காட்டில் இரவில் விளக்கடித்து மான் சுடக்கூடாது. பாடா மானுக்குப் பொதுவான வேட்டைக்காலம் ஏப்ரல் மாதம்தான்.

ஆறாவது படி: சுடும்போதும் சுட்ட பிறகும்

விலங்கு பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். பின்னால் மண்மேடு இருக்கிறதா பாருங்கள், தவறிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். முகட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள். அசைவதெல்லாம் மான் இல்லை, மனிதராகவும் இருக்கலாம், முழு உருவம் தெரியாமல் விரல் விசைக்குப் போகக்கூடாது.

சுட்ட உடனே ஓடாதீர்கள். எங்கே நின்றது, எந்தப் புதர் வழியே போனது என்று பார்த்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். நுரை கலந்த வெளிர்ச்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். பச்சையாக, நாற்றமாக இருந்தால் வயிறு, இன்னும் மணிக்கணக்காகப் பொறுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் தவறிவிட்டது என்று திரும்பாதீர்கள், நான் செய்த தப்பு அது. நல்ல வேட்டைக் குண்டு மறுபக்கம் பெரிய துளையோடு வெளியே வரும், தேடிப்போகும் வழியை அந்த ரத்தம் காட்டும்.

நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பிஸ்மில்லா சொல்லிச் சுடுவது தெரிந்ததே. உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்தாக வேண்டும், ஆகவே நல்ல கத்தி இடுப்பில் இருக்கட்டும், சீக்கிரம் போய்ச்சேர்வதும் முக்கியம். மற்ற நுணுக்கங்களைப் போகும் முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள், நான் குண்டு மட்டும் சொல்வேன்.

ஏழாவது படி: இறைச்சி

ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உதிரும், எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம்வரைகூட வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். அரைத்த கறியில் காயத்துப் பகுதி கலக்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் முழுச் செம்புக்கே போய்விடுங்கள், விலை கூடினால் கூடட்டும். குடலைக் காட்டில் விட்டுவந்தால் கழுகு தின்னும், ஈயம் அதற்கும் நஞ்சு. கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள், கான்டோர் கழுகுகள் செத்ததுதான் முக்கியக் காரணம்.

கடைசியாக, ஊருக்குக் கிளம்பும் முன்

இதை எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் போடவேண்டும். ஒரு தடவை விடுமுறைக்கு வரும்போது, வேட்டைக்குப் போட்டுப்போன மழைச்சட்டையை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதன் உள்பையில் சுட்டு முடித்த ஒரு வெற்றுப் பித்தளைக் கூடு. இங்கே இறங்கியதும் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள், மூன்று மணி நேரம் நின்றேன், வெளியே உம்மா காரில் காத்திருந்தது. வெற்றுக் கூடுதானே என்று நமக்குத் தோன்றும். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாக் கணக்கில்தான் வரும். மருந்தோடு உயிர்த்தோட்டா ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு இரவு நான் கீழக்கரை வந்திருக்க மாட்டேன். விரிந்த குண்டைச் சாவிக்கொத்தாகச் செய்து தம்பிக்குக் கொண்டுவருகிறேன் என்பதெல்லாம் வேண்டாம். வேட்டைக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, தையல் ஓரத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மருமகனுக்கு நேற்று ஒரு புதுப் பை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.